ஒரு தட்டு ரொஜாக் சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றனர். நாம் அன்றாடம் உண்ணும் உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலுள்ள துயரமான பக்கம் ஒன்றை இன்று எழுத விழைகிறேன்.

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், சிங்கப்பூரின் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இருந்த இந்திய ரொஜாக் கடையொன்றில் வாங்கி உண்டவர்கள் அடுத்தடுத்து வயிற்றுப்போக்காலும் வாந்தியாலும் நோயுற்றனர். பாதிக்கப்பட்டோர் 154 பேர். அவர்களுள் பெண்கள் இருவர் உயிரிழந்தனர். விரும்பிய உணவை வாங்கி உண்டதைத் தவிர அவர்கள் செய்தது ஒன்றுமில்லை.

இந்திய ரொஜாக் தமிழ் முஸ்லிம் அங்காடிக்காரர்கள் இம்மண்ணில் வளர்த்தெடுத்த உணவு. ஆகவே இந்நிகழ்வு நம் சமூகத்தையும் தொட்டது. பொரித்த மாவுப் பண்டங்கள், அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, இறால், கணவாய் ஆகியவற்றை நறுக்கிக் குழம்பில் தோய்த்து உண்பர். பெரும்பாலானவை சமைக்கப்பட்டவையே. பின் நோய் எங்கிருந்து வந்தது?

நோயை உண்டாக்கியது விப்ரியோ பாராஹிமோலிட்டிகஸ் என்னும் நுண்ணுயிரி. 1950இல் ஜப்பானின் ஒசாகா நகரில் சிறு மீன் உணவை உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் மாண்டபோதுதான் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் அது, பச்சை மீனிலும் இறாலிலும் ஒட்டிக்கொண்டு சமையலறைக்கு வருகிறது. நன்கு சமைத்தால் மடிந்துவிடும். ஆனால் பச்சைக் கடலுணவிலிருந்து சமைத்த உணவுக்குத் தாவிவிட்டால், நம் நாட்டு வெப்பத்தில் மிக விரைவாகப் பெருகும். கேலாங் சிராயில் நிகழ்ந்ததும் இத்தகைய கலப்பே என்று விசாரணை காட்டியது. கடலுணவு நறுக்கிய கத்தி, பலகை, கழுவாத கை ஆகியவற்றுள் எதுவும் இத்தாவலுக்குப் பாலமாகலாம்.

இதன் பொருளை உணரச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் சிங்கப்பூரின் அங்காடிக்காரர்கள் சாலையோரத்தில், குழாய்நீரின்றி, வாளித் தண்ணீரிலேயே தட்டுகளைக் கழுவினர். உணவும் நீரும் வழியே பரவும் நோய்கள் அன்று பேரச்சமாய் இருந்தன. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அங்காடிக்காரர்கள் பதிவு செய்யப்பட்டனர். பின்னர் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டு, 1986க்குள் அவர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். 1997இல் கடைகளுக்குத் தூய்மைத் தரநிலை வழங்கும் முறையும் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் 2009 நிகழ்ந்தது. குழாயை அரசு தரலாம். குழாயடியில் கையைக் கழுவ வேண்டியவர் மனிதரே. இந்த வரலாற்றிலிருந்து நான் பெற்ற பாடம் இதுதான்.

எனவே கேட்டதையும் கண்டதையும் வைத்து, 'வெளிச் சாப்பாடே கூடாது' என்று பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டா. காரணத்தைக் கற்பிப்போம். பச்சை மீனுக்கும் சமைத்த உணவுக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனிப் பலகை. சமைத்ததை நெடுநேரம் வெளியில் வைக்காமை. உண்ணுமுன் கை கழுவுதல். இவை நம் வீட்டுச் சமையலறைக்கும், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கும், பள்ளி விருந்துகளுக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியில் உண்டு நோயுற்றால், 'கடைக்காரரின் பிழைப்பைக் கெடுப்பானேன்' என்று நம்மவர் பலர் வாய்திறப்பதில்லை. அந்த இரக்கம் நல்லதே. ஆயினும் ஒருவர் மௌனமாய் இருக்கும் நேரத்தில் அதே கடையில் வேறொருவர் உண்டுகொண்டிருப்பார். மருத்துவரிடம் எங்கே, எப்போது, என்ன உண்டோம் என்று தெளிவாகச் சொல்வதும், உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் பழிவாங்கல் அல்ல. அண்டை வீட்டாரைக் காக்கும் கடமை. குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார் நோயுற்றால் தாமதிக்காமல் மருத்துவரை நாடுங்கள். நீரிழப்பே பேராபத்து.

அந்த இரு பெண்களையும் நாம் அறியோம். எனினும் அவர்களின் இழப்பு நம் பிள்ளைகளுக்கு ஒரு நற்பழக்கத்தையேனும் விட்டுச் செல்லட்டும்.