டூ தவுசண்ட் மேனியாக்ஸ்! (1964)

'டூ தவுசண்ட் மேனியாக்ஸ்!' 1964-இல் வெளியான அமெரிக்கத் திகில் படம். கதை, இயக்கம், ஒளிப்பதிவு மூன்றையும் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் கவனித்தார். தயாரித்தவர் டேவிட் எஃப். ஃபிரீட்மன். காரில் தெற்கு நோக்கிப் போகும் வட மாநிலத்தவர் ஆறு பேர், மாற்றுப்பாதை என்று காட்டும் போலிப் பலகையை நம்பி ஜார்ஜியாவின் 'பிளெசண்ட் வேலி' என்ற சிற்றூருக்குள் வந்துவிடுகிறார்கள். ஊரே திரண்டு நின்று வரவேற்கிறது. சுமார் 65,000 டாலர் செலவில், ஏறத்தாழ இரண்டே வாரத்தில் எடுத்து முடித்த படம் இது. லூயிஸும் ஃபிரீட்மனும் எடுத்த 'பிளட் ஃபீஸ்ட்' (1963), 'கலர் மீ பிளட் ரெட்' (1965) ஆகியவற்றோடு சேர்த்து இதை 'பிளட் ட்ரிலஜி' என்று அழைப்பார்கள்.

திரையில் ரத்தத்தை அப்பட்டமாகக் காட்டிய முன்னோடிப் படங்களில் ஒன்று என்று சொல்லிவிட்டு இதைக் கடந்து போவதே திரைப்பட நூல்களில் வழக்கமாகிவிட்டது. அந்த மதிப்பீடு போதாது. அறுபது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது வெட்டும் குத்தும் பழசாகத் தெரிகின்றன. ஆனால் ஓர் ஊர் முழுக்க ஒரே முகமாகச் சிரித்துக்கொண்டு விருந்தாளிகளைக் கொலைக்களத்துக்குக் கூட்டிப்போகும் அந்தக் கொண்டாட்டம் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கதை

மரத்தில் ஏறி உட்கார்ந்த ஒருவன் தொலைநோக்கியில் சாலையைப் பார்க்கிறான். வட மாநில எண் பலகை மாட்டிய கார் தெரிந்ததும் கீழே நிற்கும் கூட்டாளிக்குச் சைகை காட்டுகிறான். கூட்டாளி மாற்றுப்பாதைப் பலகையை நடுச்சாலையில் வைக்கிறான். இந்த இருவர்தான் ரூஃபஸ், லெஸ்டர். இப்படி வந்து சேர்பவர்கள் இரண்டு தம்பதியர், காரை ஓட்டிவரும் டெரி ஆடம்ஸ் என்ற பெண், வழியில் அவள் ஏற்றிக்கொண்ட டாம் ஒயிட் என்ற ஆசிரியர். கடைத்தெருவில் கொடிகள் பறக்கின்றன, பிள்ளைகள் ஆர்ப்பரிக்கிறார்கள், மேயர் பக்மன் கைகுலுக்கி, ஊரின் நூற்றாண்டு விழாவுக்கு நீங்கள்தான் சிறப்பு விருந்தினர்கள் என்கிறார். அறை, சாப்பாடு எல்லாம் இலவசம்.

எதற்கு நூற்றாண்டு என்பதை மட்டும் யாரும் விளக்குவதில்லை. டாம்தான் ஒரு நினைவுக் கல்லைப் படித்துக் கண்டுபிடிக்கிறான். உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல், வடக்கின் படையினர் அந்த ஊரையே கொன்றொழித்திருக்கிறார்கள். மாண்டவர்கள் நூறாண்டு கழித்துப் பழி தீர்க்க எழுந்திருக்கிறார்கள்.

கொலைகள் எல்லாமே திருவிழா விளையாட்டாக நடக்கின்றன. படத்தின் மிக வலுவான யோசனை இதுதான். பீ மில்லர் என்ற பெண்ணை நயமாகப் பேசித் தனியே அழைத்துப்போன ஹார்ப்பர் என்ற ஊர்க்காரன், கத்தியின் கூர்மையைக் காட்டுவதுபோல் அவள் கட்டைவிரலை அறுத்துவிடுகிறான். காயத்துக்குக் கட்டுப்போடப் போவதாக நம்பித்தான் அவள் மேயரின் அலுவலகத்துக்குப் போகிறாள். அங்கே கோடாரி காத்திருக்கிறது. அவளுடைய கணவனைக் குதிரைப் பந்தயம் என்று சொல்லிக் கூட்டிவந்து, கைகால்களை நான்கு குதிரைகளில் கட்டி நான்கு திசைக்கும் விரட்டுகிறார்கள். பெவர்லி என்ற பெண்ணைப் பெரிய பாறை ஒன்றின் அடியில் கட்டிப்போட்டு, பந்தெறிந்து குறியை அடித்தால் பாறை விழும்படி அமைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிமேல் ஆளை உட்காரவைத்துப் பந்தெறியும் அமெரிக்கப் பொருட்காட்சி விளையாட்டின் அச்சு அசல் வடிவம் அது. ஒருவர் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்ய, மக்கள் வரிசையில் நின்று எறிகிறார்கள்.

டாமும் டெரியும் பில்லி என்ற சிறுவனை வைத்துத் தப்பிக்கிறார்கள். துரத்தி வரும் ஹார்ப்பர் புதைமணலில் மூழ்குகிறான். போலீசைக் கூட்டிக்கொண்டு திரும்பினால் அங்கே ஊரே இல்லை. கடைசியில் ரூஃபஸும் லெஸ்டரும், 2065-இல் உலகம் எப்படி இருக்குமோ என்று பேசிக்கொண்டு காட்டுக்குள் மறைகிறார்கள்.

பீப்பாய்க் காட்சி

படத்தின் தரத்தை எடைபோட ஒரே ஒரு காட்சி போதும். டேவிட் என்ற இளைஞனைக் குன்றின் உச்சிக்கு அழைத்துவந்து, பீப்பாய்க்குள் இறங்கி உருண்டு காட்டும்படி கேட்கிறார்கள். அவனும் விளையாட்டுத்தானே என்று இறங்குகிறான். உடனே வெளியிலிருந்து பெரிய ஆணிகளைச் சுத்தியலால் அடித்து, முனைகள் உள்ளே நீளும்படி இறக்குகிறார்கள். பிறகு பீப்பாயைத் தள்ளிவிடுகிறார்கள். உருளும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கேமரா காட்டுவதில்லை. காட்ட வசதியும் கிடையாது. பட்டப்பகலில் பச்சைப் புல் சரிவில் ஒரு மரப் பீப்பாய் உருண்டு போகிறது, கூட்டம் ஆரவாரம் செய்கிறது, அவ்வளவுதான். ஆணி அடிக்கும் ஓசையைக் கேட்ட பார்வையாளர் மிச்சத்தைத் தாமே கற்பனை செய்துகொள்கிறார். ரத்தத்தைக் கொட்டிக் காட்டுவதற்கே பேர்போன ஓர் இயக்குநரின் மிகக் கொடூரமான காட்சியில் உருளும்போது ரத்தமே தெரிவதில்லை என்பதை விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கொலைகளில் ஒன்று முடிந்ததும் கூட்டம் சட்டென்று அடங்கிப்போகிறது. தாங்கள் செய்ததைக் கண்டு தாங்களே திகைத்தவர்களைப்போல் ஊரார் நிற்கிறார்கள். யாரோ ஒருவர் உற்சாகப்படுத்த, மறுபடி பாட்டும் கூத்தும் தொடங்குகின்றன. வெறும் அரக்கர்களாக வரைந்திருந்தால் இந்த அமைதி தேவைப்பட்டிருக்காது.

உருவான விதம்

லூயிஸ் (1926–2016) மிசிசிப்பியில் கல்லூரி ஆசிரியராக இருந்து, பிறகு சிகாகோவில் விளம்பரத் துறைக்கு வந்தவர். ஃபிரீட்மன் (1923–2011) பாரமவுண்ட் நிறுவனத்தில் விளம்பரப் பணி பார்த்தவர். இருவரும் முதலில் 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் லக்கி பியர்' (1961) போன்ற மலிவான நிர்வாணக் கேளிக்கைப் படங்களை எடுத்தார்கள். அந்தச் சந்தையில் கூட்டம் நெரிந்ததும், பெரிய ஸ்டூடியோக்கள் தொடத் துணியாத பொருள் எது என்று யோசித்து ரத்தத்துக்கு வந்தார்கள். மயாமியில் இருபத்தைந்தாயிரம் டாலருக்கும் குறைவாக எடுத்த 'பிளட் ஃபீஸ்ட்' டிரைவ்-இன் தியேட்டர்களில் பன்மடங்கு வசூலித்தது. அந்தப் பணத்தின் தெம்பில்தான் அடுத்த படத்துக்குக் கூடுதல் செலவும், உருப்படியான ஒரு கதையும் கிடைத்தன.

கதைக்கரு 'பிரிகடூன்' இசை நாடகத்திலிருந்து வந்தது. நூறாண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு நாள் மட்டும் தோன்றி மறையும் ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் அமெரிக்கப் பயணிகள் இருவர் வழிதவறி நுழைவது அந்தக் கதை. 1947-இல் பிராட்வேயில் மேடையேறி, 1954-இல் திரைப்படமும் ஆனது. காதல் கதையாக இருந்த அந்த மாய ஊரை லூயிஸ் பழிவாங்கும் ஊராக்கினார். இதே கதையை அவர் நாவலாகவும் எழுதி வெளியிட்டார்.

படப்பிடிப்பு புளோரிடாவின் செயின்ட் கிளவுட் என்ற சிறு நகரில் நடந்தது. ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருந்தாலும் டிஸ்னி வேர்ல்டு வர இன்னும் ஏழாண்டு இருந்த காலம். ஊர் அமைதியாகக் கிடந்தது. அரங்கம் போடப் பணமில்லாததால் ஊரின் கடைத்தெருவே படத்தின் கடைத்தெரு ஆனது, ஊர் மக்களே கூட்டமாக நின்றார்கள். தொழில்முறைத் துணை நடிகர்களால் தர முடியாத ஒன்றை அவர்கள் தந்தார்கள். அந்தச் சிரிப்பு நடிப்பாகத் தெரியவில்லை. விழாவுக்கு வந்த மனிதர்களின் சிரிப்பாகவே தெரிகிறது. வறுமை இந்தப் படத்துக்கு நன்மை செய்த இடம் இது. விளக்கு வசதி குறைவு என்பதால் பெரும்பகுதி பகல் வெயிலில் எடுக்கப்பட்டது. இருட்டை நம்பாத திகிலும் அதனால் கிடைத்தது.

செயின்ட் கிளவுட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1909-இல் அந்த ஊர் உருவானதே, உள்நாட்டுப் போரில் வடக்கின் சார்பில் போரிட்டு ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடியிருப்பாகத்தான். தெருக்களுக்கு நியூயார்க், பென்சில்வேனியா என்று மாநிலப் பெயர்களைச் சூட்டினார்கள். வடக்கின் வீரர்கள் முதுமையைக் கழித்து அடங்கிய மண்ணில், தெற்கின் கொடிகளைக் கட்டி, வடக்கத்தியரைக் கொல்லும் கதை படமானது.

மேயராக நடித்த ஜெஃப்ரி ஆலனின் இயற்பெயர் டால்கியஸ் பிளாங்க். தெற்கத்திப் பேச்சை அவர் நாவில் அவ்வளவு இயல்பாக வரவழைத்ததால் லூயிஸ் பிற்பாடும் அவரைப் பயன்படுத்தினார். கதாநாயகி கானி மேசன், நாயகன் வில்லியம் கெர்வின் இருவரும் 'பிளட் ஃபீஸ்ட்'டில் நடித்தவர்கள். கெர்வினின் பெயர் தாமஸ் உட் என்று போடப்பட்டது. மேசனின் நடிப்பு பலவீனமானது. தெற்கு மீண்டும் எழும் என்று சூளுரைக்கும் முகப்புப் பாடலை எழுதியவர் லூயிஸ். அமர்த்திய பாடகரின் குரல் பொருந்தாமல் போகவே அவரே பாடியும் விட்டார். பாஞ்சோ துள்ளும் அந்த மெட்டு படம் நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது. நான்காம் முறை கேட்கும்போது பயமே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காலப் பின்னணி

உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு அமெரிக்காவில் 1961 முதல் 1965 வரை அரசு நிகழ்ச்சியாகவே கொண்டாடப்பட்டது. 1961-இல் சார்ல்ஸ்டனில் கூடிய நூற்றாண்டுக் கூட்டத்துக்கு நியூஜெர்சியிலிருந்து வந்த கறுப்பினப் பெண் பிரதிநிதிக்கு ஓட்டலில் அறை மறுக்கப்பட்டது. அதிபர் கென்னடி தலையிட்டுக் கூட்டத்தைக் கடற்படைத் தளத்துக்கு மாற்றவேண்டி வந்தது. அதே ஆண்டு மே மாதம் அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே, இன ஒதுக்கலை எதிர்த்து வந்த பயணிகளின் பேருந்து எரிக்கப்பட்டது. படம் வந்த 1964-இன் ஜூன் மாதம் மிசிசிப்பியில் குடிமை உரிமை இயக்கத்தினர் மூவர் சாலையில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள். வெளியூர்க் கார் ஒன்று தெற்கின் சிற்றூரில் நிற்பது அன்றைக்கு எவ்வளவு பயமான காட்சி என்பதைப் பார்வையாளர் செய்தித்தாளிலேயே படித்திருந்தார்கள்.

ஆயினும் கறுப்பின மக்களுக்குப் படத்தில் இடமே இல்லை. போரின் காரணத்தை ஒதுக்கிவிட்டு அதன் காயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது கதை. இது படத்தின் பெருங்குறை. தெற்கின் டிரைவ்-இன்களில் அந்தப் பாட்டுக்குக் கைதட்டியவர்களும் இருந்திருக்கக்கூடும், அதற்குப் படம் இடம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் தோல்வியை மறக்க மறுத்து, அதையே விழாவாக்கி, பிள்ளைகள் கையிலும் கொடியைக் கொடுக்கும் ஒரு சமூகம் எப்படி இருக்கும் என்பதை அந்த ஆண்டுகளின் எந்தக் கண்ணியமான நினைவு நிகழ்ச்சியையும்விட இந்த மலிவுப் படம் துல்லியமாகக் காட்டியது.

பின்வந்தவை

வழிதவறிய நகரவாசிகளை நாட்டுப்புறம் விழுங்கும் கதை எழுபதுகளில் ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. 'டெலிவரன்ஸ்' (1972), 'தி டெக்சஸ் செயின் சா மாசகர்' (1974), 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' (1977) ஆகியவை அதன் பெரிய பெயர்கள். நகரத்தார் நாட்டுப்புறத்தின்மேல் கொண்ட இந்த அச்சத்தை ஆய்வாளர் கரோல் குளோவர் 1992-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். லூயிஸின் படத்தை அந்த வகையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கொள்ளலாம்.

இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் தம் 'மல்டிபிள் மேனியாக்ஸ்' (1970) தலைப்பை இந்தப் படத்துக்குச் செலுத்தும் மரியாதையாகவே வைத்தார். நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் தோன்றிய '10,000 மேனியாக்ஸ்' இசைக்குழுவின் பெயரும், எண்ணிக்கை மாறி நினைவில் தங்கிய இதே தலைப்பிலிருந்து பிறந்தது. 1972-இல் 'தி கோர் கோர் கேர்ல்ஸ்' எடுத்துவிட்டு லூயிஸ் சினிமாவை விட்டு நேரடி விளம்பரத் தொழிலுக்குப் போய், அதில் பல நூல்கள் எழுதிப் பெயர் பெற்றார். முப்பதாண்டு கழித்துத்தான் 'பிளட் ஃபீஸ்ட் 2' படத்தோடு திரும்பினார். தாம் எடுத்தவற்றில் தமக்குப் பிடித்தது 'டூ தவுசண்ட் மேனியாக்ஸ்!' என்று பேட்டிகளில் சொல்லிவந்தார்.

2005-இல் டிம் சல்லிவன் '2001 மேனியாக்ஸ்' என்ற பெயரில் இதை மறுபடி எடுத்தார். மேயராக ராபர்ட் இங்லண்ட் நடித்தார். 2010-இல் அதற்கு ஒரு தொடர்ச்சியும் வந்தது. மறு ஆக்கத்தில் பணமும் ஒப்பனையும் தேர்ந்த நடிகர்களும் உண்டு. ஆனால் மேயர் முதல் காட்சியிலேயே பேயாகத் தெரிந்துவிடுகிறார். 1964-இன் பக்மன் அப்படித் தெரிவதில்லை; அவர் கையை நீட்டினால் யாரும் குலுக்கத்தான் செய்வார்கள்.