கருவிலேயே விழும் விதை... குழந்தைகளின் மூளைக்கட்டி எப்படி உருவாகிறது? - முழு விளக்கம்

காலையில் எழுந்ததும் தலைவலி. பல் தேய்க்கும்போதே வாந்தி. வாந்தி எடுத்ததும் வலி கொஞ்சம் குறைகிறது. மதியத்துக்குள் குழந்தை பழையபடி விளையாட ஆரம்பித்துவிடுகிறது. "ஸ்கூலுக்கு மட்டம் போட சாக்கு சொல்றான்" என்று வீட்டில் நினைப்பார்கள். பித்தம் என்பார்கள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சில வாரங்களில் நடையில் தள்ளாட்டம் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

இப்படி கண்டுபிடிக்கப்படும் நோய்களில் ஒன்றுதான் மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். இந்தக் கட்டி எங்கிருந்து வருகிறது என்று தேடிய விஞ்ஞானிகளுக்கு கிடைத்த விடை ஆச்சரியமானது. மூளையை உருவாக்கும் அதே மரபணுக்கள்தான், வேலை முடிந்தும் நிற்காமல் ஓடினால், கட்டியையும் உருவாக்குகின்றன.

கட்டி எங்கே உருவாகிறது?

தலையின் பின்பக்கம், கழுத்துக்கு சற்று மேலே இருப்பது சிறுமூளை. நடப்பது, நிற்பது, பந்தை சரியாகப் பிடிப்பது என உடலின் சமநிலையை கவனித்துக்கொள்வது இதன் முக்கிய வேலை. அதனால்தான் இங்கே கட்டி வந்தால் நடை தள்ளாடுகிறது. பக்கத்தில் உள்ள மூளை நீர் ஓடும் பாதையை கட்டி அடைத்துவிட்டால், தலைக்குள் அழுத்தம் கூடுகிறது. காலை நேர தலைவலிக்கும் வாந்திக்கும் இதுதான் காரணம்.

1925-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி இருவரும் இந்தக் கட்டிக்கு பெயர் வைத்தனர். முதிராத கரு செல்களைப் போலவே கட்டியின் செல்களும் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தன. கட்டிக்கும் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் அன்றே வந்துவிட்டது. ஆனால் அந்த சந்தேகத்தை உறுதி செய்ய மேலும் 70 ஆண்டுகள் ஆனது.

சிறுமூளை வளர்வது எப்படி?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருப்பதாக 2009-ல் கணக்கிடப்பட்டது. அதில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் மட்டும் உள்ளன. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால், ஐந்தில் நான்கு செல்கள் அங்கேதான் நெருக்கியடித்து இருக்கின்றன.

இவ்வளவு செல்கள் வேண்டுமானால், மூல செல்கள் அதிவேகமாகப் பெருக வேண்டும். கருவில் தொடங்கும் இந்தப் பெருக்கம், குழந்தை பிறந்த பிறகும் பல மாதங்கள் தொடர்கிறது. பிறகு மூல செல்கள் பெருகுவதை நிறுத்தி, முதிர்ந்த நரம்பு செல்லாக மாறி, தங்கள் இடத்தில் போய் அமர்ந்துவிட வேண்டும். இந்த நிறுத்தம்தான் முக்கியம்.

வீடியோ கேம் பெயரில் ஒரு மரபணு

"பெருகு" என்று மூல செல்களுக்கு உத்தரவு போடுவது ஒரு புரதம். அதன் பெயர் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'. ஆமாம், வீடியோ கேமில் ஓடும் அதே நீலநிற முள்ளெலியின் பெயர்தான்!

கதை பழ ஈயிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகியோர் பழ ஈயின் மரபணுக்களை ஒவ்வொன்றாக கெடுத்து, புழு எப்படி மாறுகிறது என்று பார்த்தனர். ஒரு மரபணு கெட்டபோது புழுவின் உடல் முழுக்க முட்கள் நிறைந்து முள்ளெலி போல ஆனது. அதனால் அதற்கு 'ஹெட்ஜ்ஹாக்' என்று பெயர். 1980-ல் வெளியான இந்த ஆய்வுக்கு 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1993-ல் இதே மரபணுவின் உறவுக்காரர் முதுகெலும்புள்ள விலங்குகளிலும் இருப்பது தெரியவந்தது. அதற்குத்தான் 'சோனிக்' என்ற பெயர் சூட்டப்பட்டது. கை விரல்கள் வரிசையாக அமைவது, மூளை இரண்டாகப் பிரிவது என கருவில் பல வேலைகளை இது செய்கிறது.

பிரேக் பிடிக்காவிட்டால்?

ஓடும் வண்டிக்கு பிரேக் வேண்டும் அல்லவா? இங்கே பிரேக்காக இருப்பது 'பேட்ச்டு' என்ற புரதம். சோனிக் வரும்போது மட்டும் பிரேக் விடுபடும், செல் பெருகும். சோனிக் இல்லாதபோது பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

1996-ல் ஒரு முக்கிய துப்பு கிடைத்தது. கோர்லின் சிண்ட்ரோம் என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு தோல் புற்றுநோய் அடிக்கடி வரும். அவர்களில் சிலருக்கு சிறுவயதிலேயே மெடுல்லோபிளாஸ்டோமாவும் வரும். அவர்களிடம் கெட்டுப்போயிருந்தது இந்த பிரேக் மரபணு என்று கண்டறியப்பட்டது.

அடுத்த ஆண்டே, பிரேக்கின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்ட எலிகளை வளர்த்துப் பார்த்தனர். அவற்றில் சிலவற்றுக்கு சிறுமூளையில் கட்டி வந்தது. சிறுமூளையின் மூல செல்களை பெருகச் செய்வதே சோனிக்தான் என்பது 1999-ல் உறுதியானது. ஆக, செல்கள் புதிதாக ஒரு கெட்ட வேலையை கற்றுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் செய்த வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்கின்றன.

ஒரே பெயர், நான்கு நோய்கள்

இன்னொரு புதிருக்கும் விடை கிடைத்தது. ஒரே கட்டி, ஒரே சிகிச்சை. ஆனாலும் ஒரு குழந்தை முழுமையாக குணமாகிறது, இன்னொரு குழந்தை பிழைப்பதில்லை. ஏன்?

மரபணுக்களை அலசியபோது, இது ஒரே நோயே இல்லை என்று தெரிந்தது. 2012-ல் சர்வதேச ஆய்வாளர்கள் இதை நான்கு வகையாகப் பிரித்தனர்.

* விண்ட் வகை: சுமார் 10 சதவீதம். சிகிச்சை பெறும் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள்.
* சோனிக் வகை: கைக்குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் அதிகம்.
* மூன்றாம் குழு: வேகமாகப் பரவும் ஆபத்து அதிகம்.
* நான்காம் குழு: எண்ணிக்கையில் இதுவே அதிகம்.

ஒவ்வொரு வகையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு மூல செல்லிலிருந்து பிறக்கிறது. சோனிக் வகை சிறுமூளையின் மேற்பரப்பில் உள்ள செல்களிலிருந்தும், விண்ட் வகை மூளைத்தண்டுப் பகுதியிலிருந்தும் வருவது எலி ஆய்வுகளில் தெரிந்தது.

மூன்றாம், நான்காம் குழுக்கள் மட்டும் பிடிபடவில்லை. காரணம், அவை பிறக்கும் இடம் எலியிடம் இல்லை! சிறுமூளை உருவாகும் 'ரோம்பிக் லிப்' என்ற விளிம்பு மனிதக் கருவில் நீண்ட காலம் நீடித்து, எலியில் இல்லாத கூடுதல் அடுக்குகளோடு இருக்கிறது. அந்த அடுக்கில் முதிர வேண்டிய செல்கள் முதிராமல் தேங்குவதே இந்தக் கட்டிகளின் ஆரம்பம் என்று 2022-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதாவது, அந்த வகைகளின் விதை குழந்தை பிறப்பதற்கு முன்பே விழுந்துவிடுகிறது.

அப்படியென்றால் தாய் செய்த தவறா?

இல்லை. கிரகணத்தன்று வெளியே போனதா, பப்பாளி சாப்பிட்டதா, மாடிப்படி ஏறியதா என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்வது உண்டு. உறவினர்களும் சேர்ந்து பேசுவார்கள். இதற்கெல்லாம் எந்த ஆதாரமும் இல்லை. கோடிக்கணக்கான முறை செல்கள் பிரியும்போது, மரபணுவை நகலெடுப்பதில் தற்செயலாக ஏற்படும் பிழைதான் பெரும்பாலும் காரணம்.

சிறு பங்கு குழந்தைகளுக்கு மட்டும் கோர்லின் சிண்ட்ரோம் போன்ற பரம்பரைக் காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்வது பழி போடுவதற்காக அல்ல. கோர்லின் உள்ள குழந்தைக்கு கதிர்வீச்சு கொடுத்தால், அந்த இடத்தில் பின்னாளில் தோல் புற்றுநோய்கள் வரலாம். சிகிச்சையையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டி தந்த மருந்து

1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் ஒரு காட்டுச்செடியை மேய்ந்ததே காரணம். அந்தச் செடியில் இருந்த வேதிப்பொருள் சோனிக் பாதையை அடைப்பதால்தான் கருவில் முகம் சரியாகப் பிரியவில்லை என்பது 1998-ல் புரிந்தது.

கருவை கெடுக்கும் அதே தந்திரம் கட்டியை அடக்க உதவாதா? அந்த யோசனையில் பிறந்த மருந்துதான் விஸ்மோடெஜிப். 2012-ல் தோல் புற்றுநோய்க்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. அதற்கு முன்பே, சோதனை முறையில் இதைப் பெற்ற 26 வயது மெடுல்லோபிளாஸ்டோமா நோயாளி ஒருவரின் கட்டிகள் வேகமாகச் சுருங்கியது 2009-ல் பதிவானது. ஆனால் சில மாதங்களிலேயே மருந்துக்கு அடங்காத செல்களோடு நோய் திரும்பியது.

குழந்தைகளிடம் இன்னொரு சிக்கலும் வந்தது. எலும்பு நீளமாக வளரவும் இதே ஹெட்ஜ்ஹாக் பாதை தேவை. மருந்து எடுத்த சில சிறுவர்களுக்கு எலும்பின் வளர்ச்சி முனைகள் முன்கூட்டியே மூடிக்கொண்டன. உயரம் அதோடு நின்றது. அதனால் வளர்ச்சி முடிந்தவர்களுக்கே இந்த மருந்து பெரும்பாலும் யோசிக்கப்படுகிறது.

சிகிச்சையில் என்ன மாறுகிறது?

இன்றும் அடிப்படை சிகிச்சை மூன்றுதான்: அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கொடுக்கும் கதிர்வீச்சு உயிரைக் காக்கிறது. ஆனால் வளரும் மூளையில் நினைவாற்றல், படிப்பு, ஹார்மோன் வளர்ச்சி எல்லாவற்றையும் அது பாதிக்கலாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முடிந்தவரை தவிர்ப்பதும் இதனால்தான்.

இங்கேதான் மரபணு வகை கைகொடுக்கிறது. விண்ட் வகை என்று உறுதியானால் கதிர்வீச்சு அளவைக் குறைக்கலாமா என்று சோதனைகள் நடக்கின்றன. மூன்றாம் குழு என்றால் தீவிர சிகிச்சை தேவைப்படும். குழந்தை பிழைத்தால் போதும் என்பது மாறி, பிழைத்த பிறகு எப்படி வாழும் என்பதும் கணக்கில் வருகிறது.

எனவே அறுவை சிகிச்சைக்குப் பிறகு, "கட்டி எந்த வகை என்று டெஸ்ட் செய்தாச்சா?" என்று பெற்றோர் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். எடுத்த திசுவை சாயமேற்றிப் பார்க்கும் பரிசோதனையிலேயே சில வகைகளை ஓரளவு பிரித்தறிய முடியும்.

சென்னையின் பங்கு

மனிதக் கருவின் மூளை எப்படி வளர்கிறது என்று தெரியாமல், அது எங்கே தடம் புரள்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு நுணுக்கமான வரைபடம் தேவை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மாதங்களைச் சேர்ந்த ஐந்து கரு மூளைகளின் 5,132 வெட்டுத் துண்டுகள் இதில் படமாக்கப்பட்டுள்ளன. உலகின் எந்த ஆய்வாளரும் இதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தலைவலி வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு மூளைக்கட்டி இருக்காது. பயப்பட வேண்டாம். ஆனால் இவற்றை கவனியுங்கள்:

* காலையில் எழுந்ததும் வரும் தலைவலி, வாந்தி வாரக்கணக்கில் தொடர்வது
* நடையில் தள்ளாட்டம், அடிக்கடி தடுக்கி விழுவது
* பொருட்கள் இரண்டாகத் தெரிவது, புதிதாக மாறுகண் வருவது
* கைக்குழந்தையின் தலை வழக்கத்தைவிட வேகமாகப் பெரிதாவது

தலைவலியும் வாந்தியும் தொடரும்போது தள்ளாட்டமும் சேர்ந்தால், மாத்திரை கொடுத்து நாட்களைக் கடத்த வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, ஸ்கேன் தேவையா என்று அன்றே கேட்டுவிடுவது நல்லது.