போபால் பேரிடரும் தொழிலாளரின் அறியும் உரிமையும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் அமைய வேண்டுமென விதித்தது. ஆயின், கையாளும் வேதிப்பொருளின் தீங்கினைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்கும் பொதுக்கடமை அச்சட்டத்தில் இடம்பெறவில்லை.

அக்குறையின் விளைவு 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் வெளிப்பட்டது. போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளும் எளிய காப்புமுறையைக்கூட மக்கள் அறிந்திருக்கவில்லை. கசிந்தது எவ்வளியென்ற தெளிவின்றியே மருத்துவர்கள் சிகிச்சையளித்தனர்.

இதன் பின்னரே 1987ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. அபாயங்களையும் தற்காப்பு முறைகளையும் தொழிலாளர், தலைமை ஆய்வாளர், உள்ளாட்சி அமைப்பு, அருகில் வாழும் மக்கள் ஆகியோருக்கு வெளிப்படுத்துவதை 41-பி பிரிவு கட்டாயமாக்கியது. 111-ஏ பிரிவு, பணியிட நலம், பாதுகாப்பு பற்றிய தகவல் பெறுவதைத் தொழிலாளரின் உரிமையாக்கியது. 1989ஆம் ஆண்டு விதிகள் கொள்கலன்களில் விவரச்சீட்டையும், பாதுகாப்புத் தரவுத்தாளையும் வலியுறுத்தின.

ஆகவே, அறியும் உரிமை முன்னெச்சரிக்கையால் அன்றி உயிரிழப்பால் சட்டமானது எனலாம். அவ்வுரிமை முழுமை பெற 108ஆம் பிரிவின் மொழிநெறியும் உடன் பேணப்பட வேண்டும். தொழிலாளர் படித்தறிய இயலாத தரவுத்தாள், 1984க்கு முந்தைய நிலையையே நீட்டிப்பதாகும்.