ஒரே ஊருக்குள் இரண்டு ஊர்

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட் பக்கம் கிளம்பினால் "சிட்டிக்குப் போய்ட்டு வரேன் தம்பி" என்பார். இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு எந்த சிட்டிக்குப் போகிறார் என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் சொன்னது சரிதான் என்று பிறகுதான் புரிந்தது.

போன மாதம் ஆறாவது படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, நாம வெளியூர்க்காரங்களா? தமிழ்க்காரங்க எல்லாம் ஐ.டி. வேலைக்காக இப்பதான் வந்தாங்கன்னு ஒரு பையன் சொல்றான்." அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பல வீடுகளில் இதே கேள்வி வந்திருக்கும்.

கெம்பே கவுடா 1537ல் கட்டியது பேட்டை. அதுதான் தாத்தாவின் 'சிட்டி'. 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காய்ச்சல் வாட்டியதால் 1809ல் பெங்களூருக்கு மாறி, பேட்டைக்குக் கிழக்கே அல்சூரை ஒட்டிய நிலத்தில் முகாம் போட்டது. அதுதான் கண்டோன்மென்ட். வந்தது மெட்ராஸ் படை. அதனால் சிப்பாய்களோடு சமையல்காரர், சலவைத் தொழிலாளி, கொத்தனார், வியாபாரி, ஒப்பந்தக்காரர் என்று தமிழ் பேசும் சனம் கூடவே வந்து குடியேறியது.

1862ல் பேட்டைக்கு ஒரு நகரசபை, கண்டோன்மென்டுக்கு ஒரு நகரசபை என்று ஆனது. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தபோது அது நின்றது கண்டோன்மென்டில்தான். சிட்டி ஸ்டேஷன் வர 1882 ஆயிற்று! இரண்டு ஊருக்கும் நடுவே 1870ல் போட்ட கப்பன் பூங்கா கிட்டத்தட்ட எல்லைக்கோடு மாதிரி.

1881ல் மைசூர் ராஜ்ஜியத்தை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்த வெள்ளைக்காரர்கள் கண்டோன்மென்டை மட்டும் கொடுக்கவில்லை. 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் அது பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கீழ் போனது. போலீஸ் வேறு, நீதிமன்றம் வேறு. மகாராஜாவின் அதிகாரம் அங்கே செல்லாது. 1901 கணக்கெடுப்பில் பேட்டைப் பக்கம் 69,447 பேர், கண்டோன்மென்ட் பக்கம் 89,599 பேர். 'ஒட்டிக்கொண்ட ஊர்' தாய் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது.

இன்று கர்நாடக உயர்நீதிமன்றமாக நிற்கும் அட்டார கச்சேரி 1868ல் கட்டி முடிந்தது. கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873ல் தொடங்கிய பள்ளிதான் ஆர்.பி.ஏ.என்.எம். நிறுவனங்களாக வளர்ந்தது. 1898ல் பிளேக் வந்து மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகு, நெரிசலைக் குறைக்க உருவானது பிரேசர் டவுன். பிரேசர் என்பது ஒரு ரெசிடெண்டின் பெயர்.

1947 ஜூலையில், சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, கண்டோன்மென்ட் மைசூரிடம் திரும்பியது. 1949ல் இரண்டு நகரசபைகளும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது. பிளாக்பள்ளி சிவாஜிநகர் ஆனது. கேவல்ரி ரோடு காமராஜ் ரோடு ஆனது.

இதைக் கேட்டதும் மகள் குதித்தாள். "அப்போ பாதி பெங்களூர் நம்மோடதுதானே!"

இல்லை கண்ணு, அங்கேதான் தப்பு செய்கிறோம். அந்த ஊரை ஆண்டது நாம் இல்லை, ரெசிடெண்ட். நிலம் இங்கிருந்த கிராமத்து மக்களுடையது. நம்மவர்கள் அந்தப் படைக்கு உழைக்க வந்தவர்கள். நடுவில் பூங்கா வைத்துப் பிரித்ததால் நூறு வருஷத்துக்கு மேல் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் சரியாகத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டார்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது அடி வாங்கியவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்கள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையும் 2009 ஆகஸ்ட் வரை பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. அது திறந்த அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தது.

2025 செப்டம்பரில் பெங்களூர் மறுபடி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. தாத்தாவிடம் சொன்னேன். "நான் பார்க்காத பிரிவினையா தம்பி?" என்று சிரித்தார். நாலு தலைமுறையாக இந்த ஊர். வீட்டில் தமிழ், வெளியே சுத்தமான கன்னடம். என்னைவிட நன்றாகவே இரண்டும் பேசுகிறார். நானோ இருபது வருஷத்தில் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' தாண்டவில்லை. :-)

மறுநாள் மகள் அந்தப் பையனிடம் 1809 கதையைச் சொன்னாளாம். கன்னடத்தில்! நானும் இப்போது அவளிடம் தினம் பத்து வார்த்தை படிக்கிறேன். உங்கள் வீட்டில் கண்டோன்மென்ட் காலத்துப் பெரியவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேட்டு வையுங்கள். அவர்களுக்குப் பிறகு 'சிட்டிக்குப் போறேன்' என்று சொல்ல ஆள் இருக்காது.