எவ்வளவு ஈஸ்ட்?

பாலுக்கு உறை ஊற்ற எவ்வளவு மோர் வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால், "துளியூண்டு" என்பார்கள். ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சிய காலத்தில் ஈஸ்டுக்கும் இதே கணக்குத்தான். போன தடவை மிஞ்சிய நுரையையோ வண்டலையோ எடுத்துப் புதுத் தொட்டியில் போடுவார்கள். குறைந்தால் பொங்கத் தாமதமாகும். அதற்குள் வேறு கிருமிகள் புகுந்து பீர் கெட்டுவிடும். மிதமிஞ்சினால் சட்டென்று பொங்கி அடங்கும்; மணம் சரியாகக் கூடாது.

1516-ல் பவேரியப் பிரபு நான்காம் வில்ஹெல்மும் அவர் தம்பி லூட்விக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறொன்றும் பீரில் சேரக் கூடாது. ஈஸ்டின் பேச்சே அதில் இல்லை! செங்கல்லையும் சுண்ணாம்பையும் எழுதிவிட்டுக் கொத்தனாரை மறந்த வீட்டுக் கணக்கு மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

கொத்தனாரை அடையாளம் காண முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1680-ல் லீவன்ஹுக் பூதக்கண்ணாடியில் ஈஸ்டைக் கண்டார். அது உயிர் என்று அறியவில்லை. 1837-ல் ஷ்வான் முதலிய மூவர் தனித்தனியே அது உயிர்தான் என்றபோது, லீபிக் போன்ற ரஸாயன மேதைகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1876-ல் பாஸ்டர், பீர் கெடுவதற்கு வேற்றுக் கிருமிகளே காரணம் என்று தம் நூலில் எழுதினார்.

ஆனாலும் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பீர் கெட்டது. அங்கே ஆராய்ச்சி செய்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், குற்றம் ஈஸ்டுக்குள்ளேயே இருப்பதைக் கண்டார். நல்ல ஜாதியோடு காட்டு ஜாதியும் கலந்திருந்தது. அப்படியிருக்க, அளவைக் கூட்டி என்ன, குறைத்து என்ன? ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதையே தொட்டிக்குப் போதுமான அளவுக்குப் பெருக்கினார். 1883-ல் அந்தச் சுத்தமான ஈஸ்ட் வேலைக்கு இறங்கியது. "எவ்வளவு?" என்று கேட்குமுன் "எது?" என்று கேட்க வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

இன்று வீட்டில் காய்ச்சுகிறவர்கள் சுமார் 20 லிட்டருக்கு 11 கிராம் உலர்ந்த ஈஸ்ட் போடுகிறார்கள். குளிரில் ஊறும் லாகர் வகைக்கு ஏறக்குறைய இரு மடங்கு. இதற்கெல்லாம் புத்தகங்கள் இருக்கின்றன.

என் மனத்தில் நிற்பவர் ஆலை முதலாளி யாகோப்சன். 1845-ல் ம்யூனிக்கிலிருந்து ஈஸ்டை வாங்கி, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்து ஊர் கொண்டுவந்தவர் என்பார்கள். ஹான்சனின் ஈஸ்டை அவர் பூட்டி வைக்கவில்லை; போட்டி ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஒரு பிடி வாங்கியவர் ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தார். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.