கிளட்ச் இல்லாமல் சோஜி லா ஏறிய டாங்கி

இடது முழங்கால் மூன்று மாதமாக மக்கர் செய்கிறது. புனேயில் வீட்டிலிருந்து என் பிராஞ்சுக்கு ஏழு கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறேன் என்று ஒருநாள் எண்ண ஆரம்பித்து, நூற்றி எண்பதில் சிக்னல் விழுந்து கணக்கு விட்டுப் போச்சு. (பாங்க்காரன் கணக்கை விடலாமா என்று கேட்காதீர்கள்.)

வண்டி 2009 மாடல். அப்பா கடைசியாக ஊருக்குப் போனது அதில்தான் என்பதால் விற்க மனசில்லை. தங்கமணி, "ஏங்க, இதே கார்ல ஆட்டோமேட்டிக் கியர் மாத்திக்க முடியாதா?" என்றாள். நியாயமான கேள்வி. பதினைந்து வருஷமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கேட்டேன். சிரித்தார்.

"மாத்தலாம் சாஹேப். ஆனா கியர்பாக்ஸ் மட்டும் மாறாது."

ஃப்ளைவீல், கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டுகள், சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டுகள், ஆயில் கூலர், வயரிங், எஞ்சினின் கம்ப்யூட்டர், பெடல்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன். கூட்டினால் வண்டியை விற்றால் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. அது போக ஆர்.டி.ஓ. அனுமதி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல்.

இதே வேலையை 1941-ல் ஒரு டாங்கியில் செய்து ஜெயித்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்ப்சன் என்று ஒரு எஞ்சினியர். கியர் மாற்றும்போது வரும் கரகர சத்தத்தை ஒழித்த சின்க்ரோமெஷ் இவர் வேலை. 1928-ல் காடிலாக் கார்களில் வந்தது. அதே மனிதர்தான் அப்புறம் கிளட்ச் பெடலையே தூக்கிவிடப் பாடுபட்டார். அதில் பிறந்தது ஹைட்ராமேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் முதலில் வந்தது. கிளட்ச் இருந்த இடத்தில் எண்ணெய் நிரம்பிய ஒரு ஜோடி விசிறி. ஒன்று சுழன்றால் எண்ணெய் வழியாக மற்றதும் சுழலும். பின்னால் நான்கு கியர்கள், தானே மாறும்.

அப்போது அமெரிக்க ராணுவத்திடம் இருந்த லேசான டாங்கி எம்3. ஸ்டூவர்ட் என்று பெயர் வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதில் இருந்தது விமானத்துக்குச் செய்த ரேடியல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். டிரைவருக்கு இரண்டு கையிலும் திருப்பும் லீவர்கள். கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையை எடுத்தாக வேண்டும்.

மாற்றம் வந்தது டிரைவர் மேல் இரக்கப்பட்டு இல்லை. விமானங்களுக்கே எஞ்சின் போதவில்லை, அதனால்தான்! காடிலாக்காரர்கள் 'எங்கள் கார் எஞ்சினைப் போட்டுப் பாருங்கள்' என்றார்கள். ஒரு எஞ்சின் காணாது என்று இரண்டு வி8, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராமேட்டிக். ராணுவத்துக்கு நம்பிக்கை இல்லை. பழைய எம்3 ஒன்றை எடுத்து மாற்றி, டெட்ராய்டிலிருந்து மேரிலாந்தின் அபர்டீன் சோதனைக்களம் வரை ஏறக்குறைய 500 மைல் ஓட்டியே கொண்டுபோய்க் காட்டினார்கள். வழியில் தகராறு ஏதும் இல்லை.

என் மெக்கானிக் சொன்ன விஷயம் இங்கேயும் பொருந்துகிறது. அவர்கள் கியர்பாக்ஸை மட்டும் பிடுங்கி வைக்கவில்லை. காரில் ஜோடியாக ஓடிப் பழகிய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். பின்பக்கத்து உடலையே மாற்றி வடிவமைத்தார்கள். உள்ளே வீரர்களின் காலுக்கு நடுவே உயரத்தில் ஓடிய ஷாஃப்ட் கீழே இறங்கியதில் இடமும் கிடைத்தது. 1942-ல் எம்5 என்ற பெயரில் தயாரிப்பு. எம்4 என்றுதான் வைக்கப் பார்த்தார்கள். ஷெர்மனுக்கும் அதே எண் என்பதால் குழம்பும் என்று ஒன்று கூட்டினார்கள். மேம்பட்ட எம்5ஏ1-ஐயும் சேர்த்து ஏறக்குறைய 8,900 டாங்கிகள்.

இனி நம் ஊர்க் கதை. 1948 கோடையில் கார்கில், திராஸ், சோஜி லா எல்லாம் எதிரி கையில். லேவுக்குத் தரைவழி அடைபட்டது. குளிர்காலம் வந்துவிட்டால் கதை முடிந்தது. செப்டம்பரில் காலாட்படை முயன்று முடியவில்லை. ஜெனரல் திம்மையா டாங்கி கேட்டார். பதினோராயிரம் அடிக்கு மேல், கோவேறு கழுதைப் பாதையில், டாங்கி!

7-வது குதிரைப்படையின் எம்5 ஸ்டூவர்ட்களை, மேல் கோபுரத்தைக் கழற்றி, டாங்கி என்று தெரியாதபடி மூடி, ஸ்ரீநகர் கொண்டுவந்தார்கள். பால்டாலிலிருந்து மேலே அந்தக் கழுதைப் பாதையை வெட்டி அகலப்படுத்தியது யார் தெரியுமா? மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'தான். சமவெளியிலிருந்து போன பையன்கள், குளிரில் நின்று பாறையை உடைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. நாம் வடக்கே வந்து ஹீட்டர் போதவில்லை என்று புலம்புகிறோம்.

1948 நவம்பர் 1, பனியில், டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. எதிரி அங்கே எதிர்பார்த்திருந்த எதுவும் டாங்கி இல்லை. சோஜி லா விழுந்தது. அந்த மாதத்துக்குள் கார்கில் திரும்ப வந்தது.

கியர்பாக்ஸால் ஜெயித்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெயித்தது மனிதர்கள். ஆனால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்ற பாதையில், பதினைந்து டன் வண்டியை ஏற்றும் டிரைவருக்கு இரண்டு கையும் லீவரிலேயே இருந்தது சின்ன விஷயமில்லை. மலை ஏற்றத்தில் கியர் மாற்றத் தடுமாறி, வண்டி நின்று, பின்னால் உருண்ட அனுபவம் உள்ளவர்களுக்குப் புரியும். எனக்கு ஏற்காட்டில் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் தங்கமணியிடம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அவங்ககிட்ட அமெரிக்கா கஜானா இருந்துச்சு. உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்டோமேட்டிக் ஒன்று பார்க்கப் போகிறோம். அப்பாவின் வண்டியை அண்ணன் மகன் ஊருக்கு ஓட்டிப்போகிறான். அவனுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.