வெள்ளையடிப்பதற்கு முன்

அமெரிக்காவில் விற்கப்போகும் வீட்டை அலங்கரித்துத் தருவதே ஒரு தொழில். 1972-இல் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி தொடங்கிவைத்தார். நாடகத்துக்கு மேடை அமைப்பதுபோல என்பதால் ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பெயர். குடியிருந்தவரின் சாயல் கண்ணில் படக்கூடாது என்பது அதன் முக்கிய விதி. குடும்பப் படங்கள் பெட்டிக்குள் போகும். பாதி நாற்காலிகள் வெளியேறும். சுவருக்கு உறுத்தாத வெளிர்நிறம். பார்க்க வருபவர் அங்கே தன்னைக் குடிவைத்துப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலோ ஒரு வீடு விலைக்கு வந்தால் எழும் முதல் கேள்வியே, “அது யாரு வீடு?” 1876-இல் வந்த மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1908-இல் இறக்கும்வரை பள்ளியும் தொழிற்பள்ளியும் மருத்துவமனையுமாக வளர்த்தெடுத்த ஊர். படித்த பிள்ளைகள் சென்னை, மும்பை, வளைகுடா என்று போய்விட, பெற்றோர் காலத்துக்குப் பின் வீடு பூட்டிக்கிடக்கும். வாங்க வருபவரோ பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக்காரர். சுவரில் இருக்கும் படத்தை நிமிர்ந்து பார்த்து, “இவுக நம்ம பள்ளிக்கூடத்து சாருல்லா?” என்பார். அந்தப் படத்தைக் கழற்றினால் விற்பவருக்குத்தான் நஷ்டம். பிறகு கிணற்றடிக்குப் போவார். ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்தி, உப்பா நல்ல தண்ணியா என்று வாயில் ஊற்றிப் பார்ப்பார். ஓட்டு வீடானால் பனங்கைகளைத் தட்டிப் பார்ப்பார். கறையான் தின்ற கட்டை பொத்தென்று ஒலிக்கும்.

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு இன்னொரு கேள்வி சேர்ந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. உறவினர் ஒருவருக்காக ஏரல் பக்கம் வீடு பார்க்கப் போயிருந்தேன். உள்ளே புது டிஸ்டம்பர் வாசம். “தண்ணி ஏறுச்சா?” என்றதற்கு, “வாசப்படியோட சரி” என்றார்கள். அறைக்கதவைச் சாத்தினேன். பெயின்ட் படாத நிலைக்கட்டையின் பின்பக்கம், இடுப்புயரத்தில், காய்ந்த சேறு கோடு கிழித்தாற்போல நின்றது. மறுவார்த்தை பேசாமல் திரும்பிவிட்டோம். அடுத்து பார்த்த வீட்டில் அந்த அம்மாவே சுவரைத் தொட்டு, “இம்புட்டு வந்துது, மூணாம் நாள் வடிஞ்சுது” என்று காட்டினார். அங்கே பேச்சு நேராக விலைக்குப் போனது.

சட்டமும் அந்த அம்மாவின் பக்கம்தான். சாதாரணக் கவனத்துக்குப் புலப்படாத குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலும் வீட்டின் குறைகளைப் படிவத்தில் எழுதித் தரவேண்டும். மேடை அமைத்து விற்பவர்களுக்கும் அங்கே அந்த வரம்பு உண்டு.

ஹோம் ஸ்டேஜிங்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது வெளிச்சமும் சுத்தமும். பூட்டிய வீட்டை வௌவால் எச்சத்தோடும் பழைய மெத்தை நாற்றத்தோடும் திறந்து காட்டுவது நம் ஊரில் சகஜம். நான்கு நாள் ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் கழுவிவிட்டாலே வீடு வேறாகத் தெரியும்.

ஆனால் பெயின்டருக்கு முன்னால் போக வேண்டியது பத்திர எழுத்தரிடம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாக்கள் இங்கே ஏராளம். முன்பணம் வாங்கியபின், துபாயில் இருக்கும் தங்கையின் பவர் பத்திரத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது வந்து சேர்வதற்குள் ஒரு ஐப்பசி மழை பெய்து, அடித்த வெள்ளையில் மறுபடி பாசி ஏறிவிடுகிறது.